எங்க வீட்டுக்காரர்

அகராதி அலுவலகத்தில் அவளுக்கு அன்று ‘காரர்’ என்ற விகுதி வந்தது. செய்பவர் என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்து, பால்காரர், தோட்டக்காரர், கோபக்காரர் என்று பாலுக்கும் கோபத்துக்கும் பாகுபாடு பார்க்காமல் ஒட்டிக்கொண்ட விகுதி. கடகடவென்று எழுதிக்கொண்டே போனவள் ‘வீட்டுக்காரர்’ வந்ததும் நின்றாள். முதல் பொருள், வீட்டின் உரிமையாளர். இரண்டாவது, கணவர். அவள் கணவர் போன வருஷம் தவறிப்போயிருந்தார்.

இரண்டாவது பொருளுக்கு உதாரணமாக, ‘எங்க வீட்டுக்காரர் வர்ற நேரமாச்சு’ என்று எழுதினாள்.

பதிப்பாசிரியர் வாசித்துவிட்டுச் சிரித்தார். “யாரோ பேசறது காதுல விழுந்த மாதிரியே இருக்கும்மா.”

“நான் பேசினதுதான் சார். பக்கத்து வீட்டுல அரட்டை அடிச்சிட்டிருப்பேன். இதைச் சொல்லிட்டுத்தான் எழுந்து ஓடுவேன்.”

அவருடைய சிரிப்பு அடங்கியது. “வேணும்னா வேற வாக்கியம் போட்டுக்கலாமே.”

“இருக்கட்டும் சார். இப்ப அங்க போய் உட்கார்ந்தா எழுந்து வர்றதுக்கு ஒரு காரணமும் இல்ல. அதனால போறதையே விட்டுட்டேன்.”

அவர் வாக்கியத்துக்குப் பக்கத்தில் சரி என்று குறித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.