சோப்புக்குப் பூட்டுப் போட்ட அண்ணி

அந்தப் பழைய இரும்புக் கிடங்கில் அவளை எல்லாரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். கழுவும் டிரம்மை ஓட்டுகிறவன் அவளுடைய கொழுந்தன். அவன் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு மற்ற ஒன்பது பேருக்கும் அதுவே பழகிவிட்டது. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த முதலாளிக்கும் அவள் அண்ணிதான். "இத்தனை தம்பிங்களை எங்கம்மா எப்பப் பெத்தாங்க?" என்று அவள் கணவன் கேட்பான்.

லேத்துப் பட்டறைகளில் இரும்பைக் கடையும்போது சுருள் சுருளாகச் சீவல் விழும். அது ஆயில் சொட்டச் சொட்ட மூட்டைகளில் கிடங்குக்கு வரும். சுடுதண்ணீரும் சோப்பும் விட்டு டிரம்மில் சுழற்றிக் கழுவித்தான் உருக்காலைக்கு அனுப்புவார்கள். ஆயிலோடு போனால் உலை புகையும். லாரி போன வழியே திரும்பி வரும். கழுவிய தண்ணீர் பின்சுவர் ஓட்டை வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் சுகாதார அதிகாரி வந்தார். சாக்கடையில் மிதந்த ஆயிலைக் காட்டினார். கையோடு கூட்டிவந்த கொத்தனாரை விட்டு ஓட்டையைச் சிமெண்டால் அடைத்துவிட்டுப் போனார். இனி ஒரு சொட்டுகூட வெளியே வரக்கூடாது என்பது உத்தரவு.

மறுநாள் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, கழுவுகிற வேலையையே நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அண்ணி ஏற்கெனவே ஒரு தையல் கம்பெனி மூடியதையும், ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனி மூடியதையும் பார்த்தவள். நாற்பத்து மூன்று வயதில் இன்னொரு வாசலில் போய் நிற்க அவளால் முடியாது.

"அந்தத் தண்ணியையே சுத்தம் பண்ணித் திரும்பவும் கழுவினா என்ன?" என்றாள். "பின்னாடி மூணு தொட்டி சும்மாத்தானே கிடக்கு. எனக்கு மூணு வாரம் குடுங்க, முதலாளி."

அவர் தலையைச் சொறிந்தார். இருக்கிற தொட்டிதானே, செய்து பாருங்கள் என்றார்.

முதல் தொட்டியில் மணலைக் கொட்டித் தண்ணீரை விட்டாள். இரண்டு மணி நேரத்தில் மணல் பிசுபிசுவென்று களியாகி அடைத்துக்கொண்டது. அள்ளிப் போட்டுவிட்டுப் புது மணல் நிரப்பினாள். அதுவும் அடைத்தது. சாக்குத்துணி, பஞ்சு, கரித்தூள் என்று எதை வைத்தாலும் மேலே ஊற்றிய தண்ணீர் கீழேயும் பால் மாதிரியே வந்தது. ஒரு வாரம் போனதுதான் மிச்சம். கொழுந்தன் உச்சுக்கொட்டினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாவது வாரம் சோப்பு வண்டி வரவில்லை. ஒரு நாள் முழுக்க வெறும் சுடுதண்ணீரில் டிரம் ஓடியது. மறுநாள் காலையில் தொட்டியைப் பார்க்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். மேலே ஒரு விரல் கனத்துக்கு ஆயில் தனியாக மிதந்தது. அகப்பையால் ஒதுக்கினால் அடியில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. ஆயிலையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து வைத்திருந்தது சோப்பு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

சோப்பைக் கால்வாசியாகக் குறைக்க வேண்டும் என்று கொழுந்தனிடம் சொன்னாள். அவனுக்கு டிரம் வாயில் நுரை பொங்கினால்தான் கழுவின திருப்தி. வண்டி வந்ததும் அவள் சொன்னதை விட்டுவிட்டுப் பழையபடி இரண்டு கை அள்ளிப் போட்டான். அன்றைக்கே அவள் சோப்பு அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மத்தியானச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தனியே போய் எடைமேடையில் உட்கார்ந்தான்.

சோப்பைக் குறைத்து, தண்ணீரை இன்னும் சூடாக்கி, டிரம்மை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டி ஒரு லாரி அனுப்பினார்கள். பாதிச் சரக்கு திரும்பி வந்தது. சின்னச் சீவலெல்லாம் சுத்தம். சிக்குப் பிடித்த நீளச் சுருள்களில் மட்டும் ஆயில் போகவில்லை. முதலாளி உள்ளே போய்விட்டார். அண்ணி திரும்பி வந்த சுருளைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் பக்கத்தில் வந்து நின்றான். நான்கு நாளாகப் பேசாதவன், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அண்ணி, இதை நறுக்கிச் சாய்வா ஒரு கம்பிவலை மேல போட்டு வச்சா, கழுவுறதுக்கு முன்னாடியே பாதி ஆயில் வடிஞ்சிடும்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் பூட்டு போட்டுட்டீங்களே."

"சோப்புக்குத்தான் போட்டேன். உன் வாய்க்கா போட்டேன்?"

அவன் சிரித்துவிட்டான். அன்று சாயந்தரமே பழைய கட்டில் சட்டம் ஒன்றில் வலையை இழுத்துக் கட்டினான். அடுத்த லாரி திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு தொட்டிகளுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. முதல் தொட்டியில் தண்ணீர் ஆறி ஆயில் மேலே வரும், வழித்து எடுப்பார்கள். இரண்டாவதில் இரும்புத்தூளும் சகதியும் அடியில் படியும். மூன்றாவதில் மணலும் கரியும். அங்கிருந்து மோட்டார் தண்ணீரைத் திரும்ப டிரம்முக்கு ஏற்றும்.

மூன்று வாரம் முடிந்து அதிகாரி மறுபடி பார்க்க வந்தபோது அண்ணி ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரைப் பிடித்துக் காட்டினாள். பால் போடாத டீ நிறம். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சகதியை எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்டார். அவள் மூடிபோட்ட பீப்பாய்களைக் காட்டி, அதை எடுத்துப் போக யாருக்கு அனுமதி இருக்கிறது என்று அவரிடமே கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டாள். கழுவுகிற வேலை நிற்கவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை புதுத் தண்ணீர் கலந்தே ஆக வேண்டும். மணலைப் பத்து நாளைக்கு ஒருமுறை மாற்றும்போது எல்லாருக்கும் இடுப்பு விட்டுப்போகும். மழை பெய்தால் தொட்டிகள் நிரம்பி, மிதக்கிற ஆயில் விளிம்பைத் தாண்டப் பார்க்கும். அதனால் மேலே தகரக்கூரை போட வேண்டும் என்று அண்ணி கேட்டாள். பார்க்கலாம் என்றார் முதலாளி. இப்போதெல்லாம் அவர் காலையில் கேட்டைத் திறந்து உள்ளே வருகிறபோது அண்ணி அளவுநாடாவோடு தொட்டி ஓரத்தில் நிற்கிறாள்.