சிவப்புப் பொட்டு ஒட்டிய பற்றை

பச்சை நாயுண்ணிச் செடி அரைபடும் மணம். டீசல் புகையோடு கலந்து, நாக்கின் அடியில் போய்த் தங்கிக்கொள்ளும் கசப்பு. வீதியோரம் எங்கேயாவது பெக்கோ இயந்திரம் நின்று காணி வெளியாக்கினால் நான் சைக்கிளை விட்டு இறங்கிவிடுகிறேன். முகத்தைத் திருப்பினாலும் அந்த மணம் விடாது. அதற்குள்ளே ஒரு மண்டபம் திறக்கிறது, பிளாஸ்டிக் கதிரைகள் இழுபடுகின்றன, யாரோ மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

பிரதேச சபையின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கான கூட்டம் அது. எங்கள் மாதர் சங்கத்திலிருந்து நான் போயிருந்தேன். வாய்க்கால் வீதியில் ஒரு முதியவரைக் கையில் வெட்டிவிட்டு அவருடைய சைக்கிளைப் பறித்துப் போயிருந்தார்கள். கசிப்புச் சாராயம் வீடு தேடி வரத் தொடங்கியிருந்தது. ஏதாவது செய்யவேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். பாதுகாப்பு. இந்தச் சொல்லை எங்களிடம் எத்தனை பேர், எத்தனை நிற உடுப்போடு வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்! ஆனாலும் போனோம். கூப்பிட்டால் போகிற சனம் நாங்கள்.

சபையின் உத்தியோகத்தர், இளம்பெண், பெரிய மட்டையில் ஊரை வரைந்தாள். பிரதான வீதி, வாய்க்கால் வீதி, அதன் நடுவே மதகு, பள்ளிக்கூடம், கோயில். வாய்க்கால் வீதிக்கும் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் ஒழுங்கைக்கும் இடையே ஒரு பெரிய பற்றைக்காணி. சொந்தக்காரர் வெளிநாட்டில். நாயுண்ணியும் ஈச்சையும் ஆள் உயரத்துக்கு.

"பயமான இடத்திலை சிவப்பு ஒட்டுங்கோ, பயமில்லாத இடத்திலை பச்சை" என்றாள். ஒட்டுவதற்குக் கொண்டுவந்த வட்டங்கள் முந்தின கிராமத்தோடு முடிந்துவிட்டனவாம். கைப்பையிலிருந்து பெண்கள் நெற்றியில் வைக்கும் ஸ்டிக்கர்ப் பொட்டு மட்டைகளை எடுத்துத் தந்தாள்.

கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் முன்வரிசையில் இருந்து சிரித்தார். "பிள்ளை, ஊருக்கே பொட்டு வைச்சு மாப்பிளை பாக்கப்போறியளோ?"

"ஓம் ஐயா, சீதனம் நீங்கள்தான் குடுக்கவேணும்."

மண்டபம் சிரித்தது. பொலிஸ் அதிகாரிகூடத் தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

பெண்கள் வரிசையாகப் போய் ஒட்டினோம். எல்லாரும் பற்றைக்காணியில் ஒட்டினார்கள். சிவப்பின்மேல் சிவப்பு. மதகில் ஒருவரும் ஒட்டவில்லை. பின்னேரமானால் அந்த மதகின் கட்டுச்சுவரில்தான் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி வைத்துக்கொண்டு பெடியள் குந்தியிருப்பார்கள். போகிற வருகிற பெட்டைகளை விடமாட்டார்கள். அது எல்லாருக்கும் தெரியும். அவர்களில் ஒருவன் தலைவரின் தங்கையின் மகன் என்பதும் தெரியும்.

"மதகிலை ஒட்டடி" என்றாள் எனக்கு முன்னால் நின்றவள், பக்கத்தில் நின்றவளிடம்.

"நீ ஒட்டன்."

"என்ரை முடிஞ்சுது."

நான் ஒன்று ஒட்டினேன். தலைவர் எழும்பி வந்து பார்த்தார். "அது பெடியள் காத்து வாங்கிற இடமெல்லே தங்கச்சி?" என்றார், நல்ல பதமாக. தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது மதகில் பொட்டு இல்லை. பசை காய்ந்து விழுந்திருக்கலாம்.

கடைசியாகப் போனவள் மலையக ஒழுங்கையில் இருக்கும் ஒருத்தி. புருஷன் இல்லை. ஒரே மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை, அந்தச் சம்பளத்தில்தான் வீடு. கூட்டங்களில் இவள் வாய் திறப்பதில்லை. முன்பு ஒருமுறை கசிப்பைப் பற்றிக் கதைத்தபோது, "உங்கட ஆக்கள்தானே காய்ச்சிறது" என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. அதோடு சரி. அன்று அவள் சிவப்புப் பொட்டொன்றை விரல் நுனியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு பற்றைக்காணியில் எல்லாருடைய பொட்டுக்கும் மேலே அதை வைத்து அழுத்தினாள்.

பிரதேச சபைத் தவிசாளர் மட்டையைத் தூக்கிப் பிடித்தார். "சனமே சொல்லிப்போட்டுது. இனி என்ன? பத்தை போகுது, மதகடியிலை போஸ்ற் நிக்குது, அதிலை லைற் வருது." கைதட்டினோம்.

பெக்கோ வந்த அன்று வெயில் ஏறுவதற்குள் பாதிக் காணி வெளித்துவிட்டது. பாம்புகள் வாய்க்காலுக்கு ஓடின. நாயுண்ணி நசிந்து நசிந்து அந்த மணம் ஊர் முழுக்க. வேடிக்கை பார்க்க நின்ற எனக்குப் பக்கத்தில் அந்த மலையக ஒழுங்கைக்காரி வந்து நின்றாள். திடீரென்று இயந்திரத்துக்கு முன்னால் ஓடினாள்.

"அண்ணே, அந்த ஓரத்த மட்டும் விடுங்கண்ணே! அந்த ஓரம் மட்டும்!"

சாரதிக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குச் சொல்லப்பட்டது முழுக் காணி. அவளை இழுத்துக்கொண்டு வந்தேன்.

"அக்கா, அதுக்குள்ள எங்களுக்கு ஒரு பாத இருந்துச்சு."

பிரதான வீதியில் தொழிற்சாலை பஸ் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, அவளுடைய வீட்டுப் பின்கோடிவரைக்கும். அவளே வெட்டியது. குனிந்து போனால்தான் போகலாம், நிமிர்ந்தால் முள். பாதையின் வாயைக் காரை முள்ளுக் கொப்பால் அடைத்து வைத்திருந்தாள். பொழுது மங்கும்போது மகள் பஸ்ஸால் இறங்கி அதற்குள்ளே நுழைந்தால் மதகு இருக்கிற பக்கமே போகத் தேவையில்லை. யாருக்கும் தெரியாது. அண்டை வீட்டுக்கும் தெரியாது.

"பின்னை ஏன் சிவப்பு ஒட்டினனீர்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இதைக்கூட விளங்கவில்லையா என்றிருந்தது.

"சிவப்பு இருந்தா யாரும் உள்ள போகமாட்டாங்கன்னு நெனச்சேன் அக்கா. நம்ம திரும்பி வந்தப்ப அப்படித்தானே."

அப்படித்தான். போர் முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் காணிக்குக் காணி சிவப்புப் பலகை, மண்டையோடு, கீழே மிதிவெடி. மாடு போனாலும் மனிசர் போகமாட்டோம். சிவப்பு என்றால் விலகி நட. அந்த ஒரு எழுத்தை நாங்கள் எல்லாரும் உயிரைக் கொடுத்துப் படித்திருந்தோம். சபைக்கோ சிவப்பு என்றால் இயந்திரத்தைக் கொண்டுவா. தன் பிள்ளையின் பாதையைக் காக்க அவள் வைத்த பொட்டு, எல்லாப் பொட்டோடும் சேர்ந்து அதை அழித்தது. பச்சை ஒட்டியிருந்தால் பாதை வெளியே தெரிந்திருக்கும். ஒன்றும் ஒட்டாமல் விட்டிருந்தாலும் காணி போயிருக்கும். மற்றவர்களின் சிவப்பே போதும். எந்தக் கையால் தொட்டாலும் அவளுக்கு இழப்புத்தான்.

விளக்கு வந்தது. வெள்ளை வெளிச்சம், கண் கூசும். பெடியளுக்கு நல்ல வசதியாகப் போயிற்று. கடதாசிச் சீட்டு விளையாடினார்கள். தூரத்தில் வருகிறவள் யார் என்று இப்போது முகம் தெரிந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்தது.

தாய் ஒவ்வொரு நாளும் பஸ்ஸடிக்குப் போய் மகளோடு நடந்து வந்தாள். முதலில் பாட்டு. பிறகு மோட்டார் சைக்கிளால் இரண்டு பேரையும் சுற்றிச் சுற்றி வட்டம். ஒருநாள் மகளுடைய சாப்பாட்டுப் பையைப் பறித்து வாய்க்காலில் எறிந்துவிட்டு, சட்டையில் கை வைத்தார்கள். தாய் குழறிக் கத்திய சத்தம் எங்கள் குசினிவரை கேட்டது. நான் ஓடிப்போன நேரம் மோட்டார் சைக்கிள்கள் போய்விட்டன. கிழிந்த தோள்பட்டையைக் கையால் பொத்திக்கொண்டு பிள்ளை அந்த வெளிச்சத்தின் நடுவே நின்றாள். வேலிகளுக்குப் பின்னால் எத்தனை பேர் நின்றார்கள் என்பதும் அந்த வெளிச்சத்தில் தெரிந்தது.

மறுநாள் பொலிஸுக்குப் போக வெளிக்கிட்டோம். தலைவர் எங்களுக்கு முந்தி அவள் வீட்டு வாசலில் நின்றார். "பெடியள் குடிவெறியிலை செய்த பகிடி. நான் கண்டிச்சுப்போட்டன். கேஸெண்டு போனா ஆற்றை பேர் கெடும்? யோசியுங்கோ." தாய் யோசித்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சபைக்கு நான் தனியே போனேன். விளக்கை மாற்றிப் போடுங்கோ, மதகுக் கட்டில் ஆக்கள் குந்தாமல் செய்யுங்கோ என்று கேட்டேன். தவிசாளர் தொலைபேசியில் படம் காட்டினார். முதலில் பற்றை, பிறகு வெளி. முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம். "இவ்வளவும் செய்தாப் பிறகும் பயமெண்டா, அது மனசிலை உள்ள பயம் அம்மா. அதுக்குச் சபையிலை திட்டம் இல்லை."

கொழும்புப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் விடுதியோடு வேலை எடுத்தாள் மகள். கிளிநொச்சி பஸ் நிலையத்துக்கு மூவரும் போனோம். புதிதாக வாங்கிய பையின் பட்டியை அவள் விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

"நேரத்துக்குத் தின்னு. வெளிய எங்கயும் போகாத."

"அங்கை ஒரு அறையிலை எட்டுப் பேராம். வெளியிலை போனாத்தான் மூச்சு விடலாம்." சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை.

பஸ் உறுமியது. படியில் கால் வைத்தவள் திரும்பி இறங்கினாள்.

"அம்மா, சந்தைக்குப் போட்டு இருட்டினாப் பிறகு வந்தா, நீங்கள் தனிய எந்தப் பக்கத்தாலை வீட்டை போவீங்கள்?"

"ரோட்டாலதான் புள்ள. வேற எங்க இருக்கு? நீ ஏறு."