துருவின் மேல் போட்ட பழி

காதர் பாய் போய்விட்டார் என்று கீழ்பென்னாத்தூரிலிருந்து சுமதி டீச்சர் தொலைபேசியில் சொன்னார். "மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவரு எழுந்திருக்கல. முகம் சிரிச்ச மாதிரியே இருந்துச்சு." எங்கள் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆய்வக உதவியாளர் என்பது அவர் பதவி. ஆனால் ஆசிரியைகளின் ஸ்டவ், குடை, கைக்கடிகாரம் எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். அவர் கை பட்டால் எதுவும் கெடாது என்று ஒரு பெயர் இருந்தது. தொண்ணூற்று இரண்டில் அந்தப் பெயரை நான் கெடுத்தேன்.

கல்லூரி நாட்களில் நான் ஓட்டிய சைக்கிள் மழையில் கிடந்து துருவேறியிருந்தது. பெடல் அச்சைத் தாங்கும் இரும்புக் கப்பு சட்டத்தின் திருகு மரையோடு இறுகிப்போயிருந்தது. காதர் பாய் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, "ரெண்டு நாள் ஊறட்டும் டீச்சர். அதுவரைக்கும் தொடாதீங்க" என்றார்.

மறுநாளே தொட்டேன். நான் இயற்பியல் ஆசிரியை. ஸ்பேனரில் நீளமான குழாயை மாட்டி, எல்லாத் திருகையும் கழற்றுவதுபோல இடப்பக்கமாக அழுத்தினேன். கரகரவென்று மரை நசுங்கியது. சத்தம் கேட்டு வந்த சுமதியிடம், "காதர் பாய் ஏதோ பண்ணி வெச்சிருக்காரு" என்றேன். மணி அடிப்பதற்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. மாலையில் ஒரு டீச்சர் தன் ஸ்டவ்வை அவர் மேசையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

காதர் பாய் சைக்கிளைத் தன் மேசையருகே உருட்டிக்கொண்டு போய், இறுகிய கப்பைக் கழற்றி எடுத்தார். பழைய கப்பு ஒன்றில் ரம்பத்தால் நாலு வெட்டுப் போட்டு, அதையே மரை சீவும் கருவியாக்கினார். அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே, துருத்தூளைத் துடைத்து மறுபடியும். மூன்று மாலை இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் புதுக் கப்பு வழுக்கிக்கொண்டு ஏறியது.

"இந்தப் பக்கத்துக் கப்பு மட்டும் தலைகீழ் டீச்சர். வலப்பக்கம் திருப்பினாதான் கழலும்" என்றார் மெதுவாக.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "உங்களத்தானே எல்லாரும் சொல்றாங்க" என்றேன்.

"துரு மேல பழியப் போட்டுடுங்க. அது திருப்பிப் பேசாது."

மறுநாள் ஆசிரியர் அறையில், அவரையும் வரச்சொல்லி, எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். குரல் நடுங்கியது. ஸ்டவ்வை எடுத்துப் போன டீச்சர்தான் முதலில், "அப்ப நாளைக்கு என் ஸ்டவ்வ கொண்டு வரட்டுமா பாய்?" என்றார்.

"பாத்தீங்களா? நீங்க உண்மையச் சொன்னதுல எனக்கு வேலை ஜாஸ்தியாயிடுச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார் காதர் பாய்.

அந்தச் சைக்கிளை ஒன்பது வருடம் ஓட்டினேன். இப்போது அது இல்லை. போன மாதம் கரும்பலகையில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, விடை தப்பு என்று ஒரு மாணவியை எழுப்பித் திட்டியும்விட்டேன். தெரிந்ததும் திரும்பி நின்று, "தப்பு என்னுதும்மா, உன்னுது இல்ல" என்றேன். குரல் நடுங்கவில்லை. காதர் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.