பதினோரு அடிச் சந்துக்குள் ஒரு பெரிய வண்டி

லேக் கார்டன்ஸில் எங்கள் சந்தில் ஒருவன் அளவுநாடாவோடு நின்றால் ஐந்தே நிமிடத்தில் எல்லா ஜன்னல்களும் திறந்துவிடும். தென்காசிப் பக்கம் எங்கள் தெருவில் இதே வேலையைச் செய்தால், சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இங்கே நாடா என்றால் ப்ரோமோட்டர். ப்ரோமோட்டர் வந்தால் பழைய வீடு இடிபடும், அடுக்குமாடி எழும்பும், வாடகைக்கு இருப்பவன் மூட்டை கட்டுவான். போன ஆவணியில் ஒரு காலை, நாடாவின் ஒரு முனையைச் சாக்கடை மூடிமேல் செங்கல் வைத்து அழுத்திவிட்டு மறுமுனையை இழுத்துக்கொண்டு போனேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து பௌதி, நம் ஊர்க் கணக்கில் அண்ணி, எட்டிப் பார்த்தார். எங்கள் சந்து கிளப்பின் செயலாளர் பிஸ்வாஸ்தாவின் மனைவி அவர். "சோலே ஜாச்சேன் நாகி, அண்ணா?" என்றார். போகப்போகிறீர்களா என்று கேட்கிறார். வண்டி வாங்கத்தான் அளக்கிறேன் என்று என் ஓட்டை வங்காளத்தில் சொன்னேன். அவர் நம்பவில்லை. எனக்கும் சுருக்கென்றது. அவர் நினைத்தது தப்பு, ஆனால் கேட்டது சரி.

வண்டி வாங்குவது நிஜம்தான். வீட்டின் முன்னறையில் இருபத்தொரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இட்லி மாவு, அப்பளம், காப்பித்தூள், வாழையிலை, சின்ன வெங்காயம். வாரம் இரண்டு முறை ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கும் இலைக்கட்டுகளை எடுத்து வரவேண்டும். காளிகாட், கரியாஹாட் பக்கத்துக் கடைகளுக்கு மாவு போடவேண்டும். நம்மவர் வீட்டுக் கல்யாணம் என்றால் அண்டா குண்டா எல்லாம் போகவேண்டும். இத்தனை நாள் வாடகைக்கு ஓடிய வண்டிக்காரர் தொழிலை விட்டுவிட்டார். இனி சொந்த வண்டிதான் என்றாகிவிட்டது. சின்னதா, பெரியதா என்பதில்தான் என் தூக்கம் போனது.

சின்ன வண்டியை இங்கே சோட்டோ ஹாத்தி என்கிறார்கள். நம் ஊரில் குட்டியானை. இரண்டு ஊரும் ஒரே மிருகத்தைப் பார்த்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். ஐந்தடி அகலம், ஏழடி பாடி. எங்கள் சந்தில் குழாயடியில் மட்டும் கொஞ்சம் இடம் அகலும்; சின்னது அங்கேயே திரும்பிக்கொண்டு வெளியே போய்விடும். பெரிய பிக்கப் அப்படியில்லை. ஒன்பதடி பாடி, மொத்த நீளம் பதினேழு அடி. முகம் காட்டி உள்ளே வந்தால் பின்னாலேயே வெளியே போகவேண்டும். பின்னால் வந்தால் முகம் காட்டிப் போகலாம். திரும்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. மாவு போடுகிறவனுக்குச் சின்னது போதும் என்று யாரும் சொல்வார்கள். நான் பெரியதைத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். அண்டாவுக்காக என்று மனைவி செண்பகத்திடம் சொன்னேன்.

அண்டா ஒரு சாக்கு. ஊரில் கட்டிய வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. மைத்துனன் வாரம் ஒருமுறை திறந்து, குழாயைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பூட்டுகிறான். அந்தக் குழாயில் நான் இதுவரை முகம் கழுவியதில்லை. இந்த ஊருக்கு நான் வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டிதான். காளிகாட்டில் ஓர் ஓட்டலில் மாவாட்டினேன், கல்யாணம் ஆனபின் அங்கிருந்து இந்தச் சந்துக்குக் குடிவந்தேன். மொத்தக் குடித்தனமும் ஒரே கைவண்டியில் அடங்கியது. நான் முன்னால் இழுத்தேன், செண்பகம் பின்னால் ஒரு கையால் தள்ளிக்கொண்டு மறு கையில் அரிக்கன் விளக்கைப் பிடித்திருந்தாள். இப்போது எத்தனை வண்டி வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தேன், யோசனை நிற்கவில்லை. மாவு அரைக்கும்போதும் அதே கணக்கு, டிராமுக்கு வழிவிட்டு நிற்கும்போதும் அதே கணக்கு. காலண்டர் தாளின் பின்பக்கம் ஒன்பதடிக்கு ஒரு கட்டம் போட்டு, பீரோ, கட்டில், கிரைண்டர், சாமி படங்கள் என்று அடுக்கிப் பார்த்தேன். ஒரே நடையில் எல்லாம் அடங்கியது.

அந்தத் தாள் செண்பகத்தின் கையில் சிக்கியது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"பீரோவும் கட்டிலும் எந்தக் கல்யாணத்துக்குப் போவுது?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"ஊருக்குப் போறதுன்னா போறேன்னு சொல்லணும். நான் எங்க உக்காருவேன் இதுல?"

"முன்னால, எம் பக்கத்துல."

"மீனா?"

நான் தாளைப் பார்த்தேன். எந்த வண்டியிலும் முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். பீரோவுக்கு இடம் பார்த்தவன் பெற்ற மகளுக்குப் பார்க்கவில்லை. மீனா கல்லூரியில் மூன்றாம் வருடம். இந்தச் சந்திலேயே நடை பழகியவள். கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஆமி ஜாபோ நா, அப்பா. நீங்க வேணா போங்க. நான் மெஸ்ல ரூம் எடுத்து இருந்துக்கறேன்." கோபமே இல்லாமல் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் வீம்புக்குப் போய்ப் பெரிய பிக்கப்புக்கே அச்சாரம் கொடுத்துவிட்டு வந்தேன். கிளப் வாசலில் பிஸ்வாஸ்தா கேரம் பலகைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அகலம் கேட்டார். கண்ணாடியோடு ஆறடிக்குமேல் என்றேன். சந்து பதினோரு அடி, தாராளம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

"பேண்டல் எங்கே போகும், அண்ணா?" என்றார்.

பூஜைப் பந்தலைக் கேட்கிறார். வருடா வருடம் பூஜைக்கு ஒரு மாதம் முன்பே சந்தில் பாதியை மூங்கில் பிடித்துக்கொள்ளும். ஐந்தரை அடிதான் மிஞ்சும். அஷ்டமியன்று கிச்சுடி கிண்டுவதே என் அண்டாவில்தான். அந்தப் பந்தல் கயிற்றில் கொடி கட்டி என் கடை ஈரத்துணியைக்கூடக் காயப் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் பந்தலை மறந்துவிட்டு அளந்திருக்கிறேன். போகிறவன்தான் அப்படி அளப்பான். பிஸ்வாஸ்தாவுக்கும் அது புரிந்தது என்று நினைக்கிறேன். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஏன் மறந்தாய் என்று என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

சின்னதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஷோரூமுக்கு இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் பாதி வழியில் திரும்பினேன். மூங்கில்காரர்கள் வந்த அன்று வெளியே சத்தம். போய்ப் பார்த்தால் பிஸ்வாஸ்தா குழி தோண்டுகிறவர்களோடு மல்லுக்கு நிற்கிறார். "அந்த நாடாவைக் கொடுங்கள்" என்று என்னிடம் கையை நீட்டினார். ஓரடி உள்ளே தள்ளிக் குழி போடவைத்தார். பந்தல் ஓரடி சின்னதாகிறதே என்று ஒருவர் முனகினார். "சின்னதாகட்டும். அண்ணாவின் வண்டி வீட்டுக்கு வரவேண்டாமா?" என்றார். நாடாவின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். கூடவே, இனி எப்படிக் கிளம்புவது என்ற கவலையும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த வண்டி ஏற்றிய முதல் பெரிய பாரம் பீரோ அல்ல. சிலை செய்கிறவர்கள் இருக்கும் குமார்டுலியிலிருந்து பூஜைக்கு அம்மன் சிலையைக் கொண்டுவந்தோம். ஒன்பதடி பாடியில் அம்மனும் அவள் பிள்ளைகளின் சிலைகளும் சிங்கமும் கச்சிதமாக அடங்கினார்கள். முன்னால் என் பக்கத்தில் மீனா. பின்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து, "ஆஸ்தே, அப்பா, மெதுவா போங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். தசமியன்று அதே வண்டியில் கங்கைக்குப் போனோம். சிலை தண்ணீரில் இறங்கியதும் எல்லாரும் "ஆஷ்சே போச்சோர் ஆபார் ஹோபே" என்று கத்தினார்கள், அடுத்த வருடம் மறுபடி நடக்கும் என்று. நானும் கத்தினேன். திரும்பும்போது பாடியில் கொஞ்சம் வைக்கோலும் நசுங்கிய சாமந்தியும்தான் கிடந்தன. இப்போது என் பக்கத்தில் செண்பகம்.

"மனசாரத்தான் கத்துனியளா?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றேன்.

சந்து முனையில் இறங்கிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றாள். பெரிய வண்டி பின்னாலேயே உள்ளே போனால்தான் காலையில் முகம் காட்டிக் கிளம்பலாம். ரிவர்ஸ் போட்டேன். எனக்கு முன்னால் பெரிய ரோடும் அதில் போகிற பஸ்களும் தெரிந்தன, ஒவ்வோர் அடியாகச் சின்னதாகிக்கொண்டே போயின. முதுகுக்குப் பின்னால், மூங்கில்களுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து, செண்பகத்தின் குரல் கேட்டது.

"வாங்க... வாங்க... இன்னும் இடம் இருக்கு, வாங்க."

நான் ரோட்டைப் பார்த்தபடியே வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன்.