214-ஆம் நம்பர் உறுப்பினர்

போன வாரம் பாளையங்கோட்டையில், நான் வழக்கமாகப் போகும் வாடகை நூலகத்தில் ஒரு காரியம் செய்தேன். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

என் கல்லூரி நண்பன் மைதீன், பத்தமடைக்காரன், ஒரு நாவல் எழுதியிருக்கிறான். வருங்காலத்தில் ஒரு நகரம். அங்கே யார் எங்கே போகிறார்கள், என்ன படிக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் ஆள் வைத்து எழுதிக்கொள்கிறது அரசாங்கம். இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது.

இதே மாதிரி நாவலை நானும் எழுதினேனே! என் கதையில் செயற்கைக்கோள் உண்டு, கம்ப்யூட்டர் உண்டு, கண்ணில் சிவப்பு பல்பு எரியும் ரோபோகூட உண்டு. அவன் கதையில் வெறும் நோட்டும் பேனாவும்தான். ஆனாலும் பார்க்கிறவர்கள் எல்லாம் அவன் நாவலைத்தான் பேசுகிறார்கள். வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்?

அப்படி எத்தனை பேர்தான் படிக்கிறார்கள் என்று பார்க்க, நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். அங்கே ஒட்டியிருக்கும் சீட்டில், எடுத்தவர்களின் உறுப்பினர் எண் இருக்கும். சீட்டில் இடமே இல்லை! என் நாவலின் சீட்டில் ஒரே ஒரு எண்... 214. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொதுவான உறுப்பினர் எண். எடுத்தவன் நான்தான்.

மைதீனின் சீட்டிலும் 214 இருந்தது. மூன்று தடவை.

நான் எடுக்கவில்லை. அப்படியென்றால் என் மனைவி கோமதி! வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

“அவன் புத்தகத்தை மட்டும் மூணு தடவை எடுத்திருக்கே. அப்படி என்ன இருக்கு அதுல?”

கோமதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “நான் எடுத்தது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சீட்டுல பாத்தேன்.”

“ஓஹோ... நான் என்ன படிக்கேன்னு சீட்டைப் பாத்தியளாக்கும். அந்தக் கதையில வாரவனும் இதைத்தான செய்யுதான்?”

கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

“ஒங்க கதையில மெஷின் பாக்கும். எனக்குப் பயமே வரலை. ஆனா நான் ஜங்ஷன்ல பஸ் ஏறினா, வீடு வந்து சேருததுக்குள்ள ஒங்க அம்மைக்குச் சேதி வந்துருது. என்ன சேலை, யார்கூடப் பேசினேன்... எல்லாம் சொல்லிருதாவ. மைதீன் அண்ணன் அதைல்லா எழுதியிருக்காவ!”

வருங்காலக் கதை என்கிறோம். ஆனால் படிக்கிறவர்களுக்குப் பயம் வருவது, நேற்று சாயங்காலம் தங்களுக்கு நடந்ததை நினைத்துத்தான். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என் வீட்டுக்குள் நடப்பதை எவனோ ஒருவன் பத்தமடையில் உட்கார்ந்து எழுதிவிட்டான்... அதே வீட்டில் இருக்கும் எனக்குத் தெரியவில்லை. இப்போது பொறாமை இரண்டு மடங்காகிவிட்டது.

மறுநாளே கோமதி தன் பெயரில் தனி அட்டை வாங்கிவிட்டாள். நம்பர் என்னவென்று நான் அவளிடம் கேட்கவில்லை. திருந்திவிட்டேன்.

நூலகத்து அண்ணாச்சியிடம்தான் கேட்டேன். அவரோ சொல்ல மாட்டேன் என்கிறார்!