போட்டோவில் விழாத தேவராஜ்

1991 செப்டம்பர் 8, ஞாயிறு. காலண்டரில் தேதியைக் கிழித்தேன். ஆபீஸுக்குப் போட, வாரத்துச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். நாலு இட்லி. பிறகு படப்பைக்கு பஸ்.

நான் எழுதிய அம்மன் பாட்டுகள் கேசட்டாக வருகின்றன. உரக்கடை மாடியில் ஸ்டுடியோ, இரண்டுக்கும் உரிமையாளர் மாசிலாமணி. மைக் வைப்பதிலிருந்து டேப் ஓட்டுவது வரை எல்லாம் தேவராஜ். ஆனால், கேசட் அட்டையில் ‘ஒலிப்பதிவு’ என்பதற்கு எதிரே யார் பெயர்? மாசிலாமணி!

உங்கள் ஆபீஸில் மட்டும் என்ன வாழ்கிறது என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

தேவராஜுக்குக் கோடம்பாக்கத்தில் ஒரு வேலை கூடி வந்திருக்கிறது. ‘உன் பேர் போட்ட கேசட் ஒன்று கொண்டு வா’ என்றார்களாம். ஒன்றுகூட இல்லையே...

“இதுலயாவது என் பேரு போடுங்கண்ணே.”

“பட்டன் அமுக்குறவனுக்கெல்லாம் பேரா? நல்லா கீதே!” என்றார் மாசிலாமணி.

கடைசிப் பாட்டு. அட்டைக்குப் படம் எடுக்க போட்டோகிராபர் வந்தார். மாசிலாமணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெஷின் முன் உட்கார்ந்தார்.

“டேய், ஓரமா நில்லு. போட்டோல வுழுற. நானே ஓட்டிக்கிறேன்.”

வாலாஜாபாத் பாக்கியம் அம்மா பாடினார். அப்படி ஒரு பாட்டு! தபேலாக்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“போடுங்கண்ணே, கேப்போம்” என்றார் பாக்கியம் அம்மா.

டேப்பைச் சுற்றிவிட்டு ஓட்டினார்கள். வெறும் ‘உஸ்ஸ்ஸ்’ — வேறொன்றும் இல்லை.

“இன்னாண்ணே, என் பாட்டு எங்க போச்சு?” என்று கேட்டார் அந்த அம்மா.

“ரெக்கார்டு, பிளே ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கணும்ண்ணே. நீங்க ஒண்ணத்தான் அமுக்குனீங்க” என்றான் தேவராஜ், மெதுவாக.

“பாத்துக்கினே நின்னியாடா? சொல்றதுக்கு இன்னா?”

“கிட்ட வந்தா போட்டோல வுழுவேனேண்ணே...”

போட்டோகிராபர் இருமினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாக்கியம் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டார். “அட்டையில தேவராஜ் தம்பி பேரு வந்தா மறுபடி பாடுறேன். இல்லனா இந்த உஸ்ஸையே வித்துக்கோங்க.”

மாசிலாமணி நாற்காலியைவிட்டு எழுந்தார். “சரி, உக்காருடா” என்றார்.

தேவராஜ் உட்கார்ந்தான். பட்டன்கள் இரண்டும் ஒன்றாக இறங்கின. இரண்டாவது முறை அழ தபேலாக்காரரிடம் கண்ணீர் இல்லை. பாட்டு என்னவோ பதிவாகிவிட்டது.

வாக்கு வாக்குதான். திங்கட்கிழமை காலை, கடையைத் திறப்பதற்கும் முன்னால் மாசிலாமணி அச்சகத்துக்குப் போனார். ‘ஒலிப்பதிவு: தேவராஜ்’ என்று சேர்க்கச் சொன்னார். அதற்கு மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில் — ‘ஒலிப்பதிவு மேற்பார்வை: மாசிலாமணி’!