அத்திம்பேர் வைத்த அறுபது வோல்ட்

யாரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டே இந்தக் கதையைத் தொடங்குகிறேன்.

இன்று காலை ஸ்ரீரங்கத்தில் கரண்ட் போனது. அக்கா வீட்டு சோலார் இன்வெர்ட்டரும் கூடவே படுத்தது. நுரையீரல் கெட்டுப்போன அவளுக்கு மூச்சு தரும் ஆக்சிஜன் மெஷின் நின்றது.

ராஜகோபுரம் குனிந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. காவிரி ஓட்டத்தை நிறுத்தியது. அக்காவின் உதடு நாவற்பழ நிறமானது.

அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து அவளுக்கு மூச்சு திரும்பிய பிறகுதான் பார்த்தேன். இன்வெர்ட்டரின் புது லித்தியம் பேட்டரி சார்ஜ் ஆகும் அளவை அக்காவின் கணவர், என் அத்திம்பேர், அறுபது வோல்ட்டாக வைத்திருந்தார். தாங்காமல் அது தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது.

"ஐம்பத்தாறுன்னு அது மேலயே போட்டிருக்கே, அத்திம்பேர்?"

"கம்பெனிக்காரன் கஞ்சத்தனம்னு நெனச்சேன்டா. கூட வச்சா அவளுக்குக் கூட நேரம் ஓடுமேன்னு..."

உங்கள் வீட்டு இன்வெர்ட்டரில் எத்தனை வோல்ட் வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கோபுரம் குனியவில்லை, காவிரியும் நிற்கவில்லை. அந்த நாவற்பழ நிறம் மட்டும் நிஜம்.